மூன்றாவது முறையும் மடிநோய்: ட்யூபை மாற்றும் முன் பாலைச் சோதியுங்கள்

கேள்வி: ஜெர்சி கலப்பினப் பசுவுக்கு நான்கு மாதத்தில் மூன்றாவது முறையாக ஒரே காம்பில் மடிநோய். காம்புத் துளை வழியே மருந்து ட்யூப் ஏற்றினால் இரண்டு நாளில் பால் தெளிகிறது. பதினைந்து நாளில் மறுபடி திரிகிறது. இன்னும் வீரியமான மருந்து எது?

பதில்: எந்தக் கிருமி என்று தெரியாமல் வீரியத்தைக் கூட்டிப் பயனில்லை. ஒரே காம்பில் திரும்பத் திரும்ப வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. இதில் பல வகைகள் பென்சிலினை உடைக்கும் நொதியைச் சுரக்கும். போதாததற்கு, மடித் திசுவுக்குள் சிறு சீழ்க்கட்டிகளாகப் பதுங்கிவிடும். அங்கே மருந்து சரியாக எட்டாது. ஆய்வகத் தட்டில் சாகும் கிருமி மடியில் பிழைத்துக்கொள்வது இதனால்தான். பால் தெளிந்தது என்றால் வீக்கம் தணிந்தது என்று மட்டுமே பொருள். அப்போதே மருந்தை நிறுத்தினால் எஞ்சி நிற்பது மருந்தைத் தாங்கிய கூட்டம்.

எனவே அடுத்த ட்யூபுக்கு முன் பால் மாதிரி எடுங்கள். காம்பைக் கழுவி ஈரமில்லாமல் துடைத்து, 70 சதவீத ஆல்கஹால் நனைத்த பஞ்சால் காம்பு நுனியைத் தேயுங்கள். முதல் மூன்று நான்கு பீச்சலைக் கீழே விட்டுவிட்டு, கிருமிநீக்கிய குப்பியைச் சாய்த்துப் பிடித்து 5 முதல் 10 மில்லி பிடியுங்கள். விரல் மூடியின் உட்புறம் பட்டாலே உங்கள் கைக்கிருமிதான் ஆய்வகத்தில் வளரும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ, நாமக்கல் போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ ஏ.பி.எஸ்.டி. சோதனை (எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்கும் சோதனை) என்று கேளுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். ஏற்கெனவே ஏற்றிய மருந்துகளின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். காய்ச்சல் அடித்தாலோ, மாடு தீனி எடுக்காமல் பால் தண்ணீராக இறங்கினாலோ முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். மாதிரி எடுத்த கையோடு மருத்துவரை அழையுங்கள்.

முடிவுப்படி மருத்துவர் தரும் மருந்தைச் சொன்ன நாள் வரை விடாமல் போடுங்கள். ட்யூப் முனையை முழுதும் திணிக்காமல் 3 மில்லிமீட்டர் நுழைத்தால் போதும். ஆழமாகத் திணித்தால் காம்புத் துளை விரிந்து புதுக் கிருமிக்கு வழிவிடும். கறவையில் பிடிபடாத கிருமிக்கு, பால் வற்றவிடும் நாளில் கடைசிக் கறவைக்குப் பின் ஏற்றும் நீடித்த மருந்தே நல்ல வாய்ப்பு. அதற்கும் அடங்காவிட்டால் அந்த மாட்டைப் பண்ணையிலிருந்து கழிப்பதே மற்ற மாடுகளுக்குப் பாதுகாப்பு.

கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசும் மூலிகை முறையைத் தொடக்க வீக்கத்துக்கு முயலலாம். உள்ளே கட்டிப்போன பழைய நோய்க்கு அதை மட்டும் நம்பாதீர்கள்.

மருந்துப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. மருந்தை நிறுத்திய பின் எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்று உறையில் அச்சிட்ட விலக்கு நாளைப் பாருங்கள். அது அச்சிடப்படாவிட்டால் இந்திய விதிப்படி குறைந்தது 7 நாள். வீணாகிறதே என்று கன்றுக்கும் கொடுக்காதீர்கள்: அந்தச் சிறு அளவு மருந்திலேயே கன்றின் குடல் கிருமிகள் எதிர்ப்பைப் பழகிவிடும். குழி வெட்டி ஊற்றி மூடுங்கள். குணமாகும்வரை இந்த மாட்டைக் கடைசியாகக் கறங்கள்.