எட்டுக் குரலும் ஐம்பது டாலரும்: வாசகர் கேள்விகள்

போன இதழில், கொயருக்கு (பலர் சேர்ந்து பாடும் குழுவுக்கு) இசை எழுதுகிறவர்கள் எல்லாரும் செத்துப்போன ஜெர்மன்காரர்கள் இல்லை, அமெரிக்காவில் கரோலைன் ஷா என்று ஒருவர் இருக்கிறார், ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடிக்கொண்டே எழுதி முப்பது வயதில் அமெரிக்காவின் பெரிய பரிசான புலிட்சர் வாங்கினார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன.

கே: ஆல்ட்டோ பாடுகிறவர் இசை எழுதிப் பரிசு வாங்கினாரா, நிஜமாகவா? எங்கள் கொயரில் ஆல்ட்டோ என்று நாலு பேர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. (சர்ச் கொயர் வாசகி, நாகர்கோவில்)

ப: நிஜம்தான். அதிலும் வேடிக்கை, அவர் படித்தது இசையமைப்பே இல்லை, வயலின். 1982-இல் வட கரோலினாவின் கிரீன்வில்லில் பிறந்தவர். அம்மாவே வயலின் டீச்சர், அதனால் இரண்டு வயதிலேயே வில்லைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தில் 2004-இல் பட்டம், யேலில் 2007-இல் முதுகலை, இரண்டுமே வயலினில். நடுவில் ஒரு வருடம் உதவித்தொகை கிடைத்து, ஐரோப்பாவின் பழைய அரண்மனைத் தோட்டங்களைப் பார்க்கிறேன் என்று முதுகுப்பையோடு கிளம்பிவிட்டார். வீட்டுப் பெண் வயலின் படித்துவிட்டுத் தோட்டம் பார்க்கப் போகிறேன் என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று எழுத வேண்டியதில்லை.

அப்புறம் நியூயார்க். வயலின் வாசிப்பது, நடன வகுப்புகளுக்கு வாசிப்பது, மன்ஹாட்டனின் வால் ஸ்ட்ரீட் பக்கத்து டிரினிட்டி தேவாலயக் கொயரில் பாடுவது என்று எல்லாம் கலந்த பிழைப்பு. அந்த ஊர்ப் பெரிய தேவாலயங்களில் கொயர் பாடுவது சம்பள வேலை, நம் ஊரில் மாதிரி கிறிஸ்துமஸ் கேக்கோடு முடிகிற விஷயம் இல்லை. 2010-இல்தான் பிரின்ஸ்டனில் இசையமைப்பில் ஆராய்ச்சிப் படிப்புக்குச் சேர்ந்தார், அதற்கு ஒரு வருடம் முன்பே பரிசுக்குரிய படைப்பைத் தொடங்கியாகிவிட்டது. இன்றைக்கும் தன்னை இசையமைப்பாளர் என்று சொல்லிக்கொள்வதைவிட இசைக்கலைஞர் என்று சொல்லிக்கொள்வதே அவருக்குப் பிடித்தமானது.

கே: அந்தப் பரிசுப் படைப்பில் அப்படி என்னதான் இருக்கிறது? யூடியூபில் கேட்டேன். முதலில் எட்டுப் பேர் ஏதோ பேசுகிறார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், நம் வீட்டுக் கல்யாணம் மாதிரி இருக்கிறது. (வாசகர், கோவை)

ப: கல்யாண வீடு என்பது சரியான விவரணை, ஆனால் இன்னும் ஒரு நிமிடம் பொறுத்திருக்கலாம். பேச்சு நெரிசல் முற்றி, இனி தாங்காது என்கிற நொடியில் எட்டுக் குரலும் ஒரே கார்டில் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கொத்து) விழும். அந்த இடத்துக்காகவே நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

கதை இதுதான். பிராட் வெல்ஸ் என்ற கொயர் நடத்துநர் 2009-இல் ரூம்ஃபுல் ஆஃப் டீத் என்று எட்டுப் பேர் குழு ஒன்றைத் தொடங்கினார். வாய் நிறையப் பல் என்பது மாதிரி, அறை நிறையப் பல். மேற்கத்திய சாஸ்திரியப் பயிற்சி பெற்ற குரலுக்கு ஒரே ஒரு அழகுதான் தெரியும், உலகத்தில் மனிதத் தொண்டை வேறு என்னவெல்லாம் செய்கிறது என்று கற்றுப் பார்க்கலாம் என்பது அவர் யோசனை. கோடையில் மாசசூசெட்ஸின் நார்த் ஆடம்ஸ் என்ற சின்ன ஊரில் எல்லாரும் கூடுவார்கள். ஆசிரியர்கள் வருவார்கள்: ஒரே நேரத்தில் இரண்டு சுரம் எழுப்பும், ரஷ்யாவின் துவா பகுதிப் பாட்டு, குரலைக் கீழும் மேலும் தாவவிடும் ஆல்ப்ஸ் மலை யோடலிங், பிராட்வே மேடையின் உச்சக் குரல், கனடா வடகோடி இனுயிட் பெண்களின் தொண்டைப் பாட்டு. இந்தக் குரல்களை வைத்து எழுதச் சொல்லி வெளியிலிருந்து இசையமைப்பாளர்களையும் அழைப்பார்கள். ஷா அதில் பாடகி, அவ்வளவுதான். ஆனால் சும்மா இருக்கவில்லை. 2009, 2010, 2011 என்று மூன்று கோடைகளில், கூட இருந்த ஏழு பேருக்கும் தனக்குமாக ஒவ்வொரு பகுதியாக எழுதினார். அலமாண்ட், சாரபாண்ட், கூராண்ட், பாசகாலியா என்று நான்கு பகுதிகள், பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் காலத்து நடனங்களின் பெயர்கள், மொத்தம் சுமார் 25 நிமிடம். 'எட்டுக் குரல்களுக்கான பார்ட்டிட்டா' என்று பெயர்.

இடம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இசைக்குள் வந்துவிட்டது. கூடியது மாஸ் மோக்கா என்ற அருங்காட்சியகத்தில். ஒரு காலத்தில் துணிக்கு அச்சுப் போடும் ஆலை, பிறகு மின்சாதனத் தொழிற்சாலை, 1999 முதல் கலைக்கூடம். அங்கே சால் லூயிட் என்ற ஓவியரின் 105 சுவர்ச் சித்திரங்கள் மூன்று மாடிகளில் இருக்கின்றன. அவற்றை அவர் கையால் வரைந்ததில்லை. இந்தப் புள்ளியிலிருந்து அந்த மூலைக்கு நடுவே இங்கே ஒரு புள்ளி என்கிற மாதிரி நீளநீளமாக எழுதிய குறிப்பைப் படித்து மற்றவர்கள் வரைந்தது. 2007-இல் அவர் இறந்தார், கூடம் திறந்தது 2008-இல். யோசித்துப் பாருங்கள், இசைக் குறிப்பும் அதுதானே, எழுதியவர் போனபின் யாரோ படித்துச் செய்வது. நீங்கள் கேட்ட பேச்சில் பாதி, லூயிட்டின் 305-ஆவது சித்திரத்துக்கான குறிப்பு. மீதியில் அமெரிக்க கிராமத்து ஸ்கொயர் டான்ஸில் 'பக்கத்துக்குப் போ, சுற்றி வா' என்று ஒருவர் கத்துவாரே, அது இருக்கிறது.

எனக்குப் பிடித்தது கடைசிப் பகுதி. ஒரே கார்டு வரிசை திரும்பத் திரும்ப வரும், சுரம் மாறாது, குரலின் நிறம் மட்டும் மாறும்: வாயைத் திறந்து, மூக்கில் தள்ளி, தொண்டையை இறுக்கி. எந்தப் பாடகருக்கு எந்த ஒலி வரும் என்று பக்கத்தில் உட்கார்ந்து மூன்று வருடம் கேட்ட ஆளால்தான் இப்படி எழுத முடியும். மேசையில் உட்கார்ந்து சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நாலு கோடு போட்டு எழுதுகிறவருக்கு அந்த வசதி இல்லை.

கே: விருதுக்கு அவரே விண்ணப்பம் போட்டாராமே? நம் ஊரில் இப்படிச் செய்தால் கிழித்துத் தொங்க விட்டுவிடுவார்கள். (வாசகர், மதுரை)

ப: அங்கே அதுதான் வழக்கமான நடைமுறை. 50 டாலர் கட்டணம் கட்டி அவரே அனுப்பினார், நடுவர்களாவது குழுவின் பாட்டைக் கேட்கட்டுமே என்ற ஆசையில். 2012 அக்டோபரில்தான் ஆல்பம் வந்திருந்தது. 2013 ஏப்ரலில் அறிவித்தார்கள்: 10,000 டாலர், அதோடு 1943-இல் தொடங்கிய அந்த இசைப் பரிசை வாங்கியவர்களிலேயே இளையவர் என்ற பெயர். அதைவிட வேடிக்கை, நான்கு பகுதிகளும் சேர்ந்து முழுசாக ஒரே மேடையில் ஒலித்தது அந்த வருடம் நவம்பரில்தான். பரிசு முதலில், கச்சேரி பிறகு. கட்டணம் கட்ட யோசித்துக்கொண்டு எதற்கும் அனுப்பாமலே இருக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர் (நானும் சேர்த்தி).

கே: இனுயிட் பாட்டை எடுத்துக்கொண்டதற்குத் திட்டு வாங்கினாரே, அதை வசதியாக விட்டுவிட்டீர்கள்? (வாசகி, டொரான்டோ)

ப: விடவில்லை, ஒரே வரியில் சொல்லக்கூடியதில்லை என்று தள்ளி வைத்தேன். கட்டாஜ்ஜாக் என்ற அந்தத் தொண்டைப் பாட்டு, இரண்டு பெண்கள் எதிரெதிரே நெருங்கி நின்று, கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சையே தாளமாக்கி ஆடும் விளையாட்டு. யார் முதலில் சிரிக்கிறாரோ, யாருக்கு மூச்சு தீர்கிறதோ அவர் தோற்றார். பாதிரியார்கள் அதைப் பாவம் என்று அடக்கி வைத்து, பாட்டிகளிடம் மட்டும் மிஞ்சி, பிறகு பேத்திகள் திரும்பக் கற்றுக்கொண்டது. அந்த மூச்சொலி கூராண்ட் பகுதியில் வருகிறது. 2019-இல் இனுயிட் பாடகி தான்யா தகாக் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். தெரியாத ஆள் இல்லை, 2014-இல் கனடாவின் போலாரிஸ் இசைப் பரிசு வாங்கியவர். குழுவின் தரப்பு, இனுயிட் ஆசிரியைகளை வரவழைத்துச் சம்பளம் கொடுத்து முறையாகக் கற்றோம் என்பது.

இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் இதில் சங்கடம். திருடவில்லை, பாடம் கேட்டுத்தான் கற்றார்கள். ஆனால் பாடம் கேட்ட கூலி அன்றோடு முடிந்தது, பரிசுப் பட்டியலில் நிற்பது ஒரு பெயர். எனக்கு ஷாவை ரொம்பப் பிடிக்கும், இருந்தும் இந்த விஷயத்தில் தகாக் பக்கம்தான் சாய்கிறேன். யோடலிங்கை எடுத்தால் சுவிஸ்காரர்களுக்கு ஒன்றும் குறையாது. ஒரு தலைமுறை வாயைப் பொத்தி வைத்த பாட்டு அப்படி இல்லை. முப்பது வயதுக்குள் ஆர்வத்தில் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்கிறவருக்கு அந்த வித்தியாசம் அப்போதே தெரிந்திருக்க வேண்டுமா என்றால், பக்கத்தில் இருந்த பெரியவர்களுக்காவது தெரிந்திருக்கலாம்.

கே: என் மகள் கொயருக்கு எழுத வேண்டும் என்கிறாள். சோறு கிடைக்குமா? (தந்தை, பாளையங்கோட்டை)

ப: அதில் மட்டும் கிடைப்பது கஷ்டம். அங்கே வருமானம் மூன்று வழியில் வரும்: ஒரு குழு இன்ன நிகழ்ச்சிக்கு எழுதித் தா என்று கொடுக்கும் தொகை, அச்சிட்ட பிரதி விற்பனை, மேடையேறும்போது வரும் ராயல்டி. பிரதி என்றால் கொயரில் 40 பேர் இருந்தால் 40 வாங்க வேண்டும், ஒன்று வாங்கி ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது. நம் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் இரண்டாவது வழியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மகளை ஒரு கொயரில் பாடச் சொல்லுங்கள், சோல்ஃபாவோடு (டோ, ரே, மி என்று சுரத்தை எழுதும் முறை) ஸ்டாஃப் நொட்டேஷனும் (ஐந்து கோட்டில் எழுதும் முறை) படிக்கட்டும், ஒரு வாத்தியத்தில் வேலை கிடைக்கிற அளவுக்குத் தேறட்டும். ஷாவுக்குச் சோறு போட்டது வயலினும் தொண்டையும்.

கே: விருதுக்குப் பிறகு என்ன ஆனார்? பலர் முதல் பரிசோடு காணாமல் போய்விடுகிறார்கள். (வாசகர், சென்னை)

ப: காணாமல் போகவில்லை. அந்த ஆல்பத்துக்கு 2014-இல் குழுவுக்கு கிராமி இசை விருது கிடைத்தது. 2015-இல் ராப் பாடகர் கான்யே வெஸ்ட்டோடு சேர்ந்து வேலை செய்தபோது பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும். 2022-இல் சொந்தப் படைப்புக்கே கிராமி.

கே: சர்ச் பாட்டு மாதிரி இல்லாமல், அவர் கொயருக்கு எழுதியதில் ஒன்று சொல்லுங்கள், இன்று இரவே கேட்கிறேன். (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: 'டு தி ஹாண்ட்ஸ்', 2016-இல் ஃபிலடெல்ஃபியாவின் தி கிராசிங் கொயருக்காக எழுதியது. அதன் வேர் சர்ச்சில்தான் இருக்கிறது, மன்னிக்கவும்: பக்ஸ்டஹூட என்ற பழைய இசையமைப்பாளர் 1680-இல் சிலுவையில் தொங்கும் இயேசுவின் உடலை, பாதம், முழங்கால், கை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிய படைப்புக்கு ஏழு இசையமைப்பாளர்கள் பதில் எழுதினார்கள், கைகள் ஷாவுக்கு வந்தன. காயம்பட்ட கையிலிருந்து அவர் அகதிக்கு நீட்டும் கைக்குப் போகிறார். ஒரு பகுதியில் வார்த்தையே கிடையாது, எண்கள் மட்டும். சொந்த நாட்டுக்குள்ளேயே வீடிழந்து அலைகிறவர்களின் கணக்கை, நாடு நாடாக, கொயர் சொல்லிக்கொண்டே போகும். விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள், பக்கத்தில் தூங்குகிறவர்கள் இருந்தால் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள்.