பர்மாவில் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் கொழுகொழு பிள்ளைக்கும் சத்துக் குறைவு வருமா?

வரும். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். 2 மாதப் பிள்ளை, எடை நன்றாக இருக்கிறது, ஆனால் நேற்றிலிருந்து பாலைக் கக்குகிறது, அழுகைக் குரல் கம்மிவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "பெரிபெரியாக இருக்குமா, பி-1 ஊசி போட வேண்டுமா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெரிபெரி என்பது வைட்டமின் பி-1 (தயமின்) குறைவால் வரும் நோய்.

மூச்சு வேகமாக வாங்குவதால் இதை நிமோனியா என்று எண்ணிவிடுவார்கள். பெரிபெரியில் இதயம் தளர்வதால்தான் மூச்சிரைக்கிறது. பிள்ளை வாய் திறந்து அழும், சத்தம் வராது. ஈரல் வீங்கும். பி-1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இன்னும் மோசமாகும், ஏனென்றால் குளுக்கோஸை எரிக்க பி-1 வேண்டும், உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சமும் அதில் தீர்ந்துபோகும். ஊசி நேரத்துக்குப் போய்விட்டால் சில மணி நேரத்தில் பிள்ளை தெளியும். வந்த நோய் இதுதான் என்பதற்கு அந்தத் தெளிவே அத்தாட்சி.

எடையை நம்ப வேண்டாம். உடம்பில் நீர் கோத்தாலும் தராசு ஏறும். சத்துக் குறைவைக் கண்டுபிடிக்கக் கையைச் சுற்றி அளக்கும் வண்ணப் பட்டையும் 6 மாதம் முடிந்த பிள்ளைகளுக்கானது. 2, 3 மாதத்தில் வரும் இந்த நோய்க்குக் காரணம் தாயின் சோற்றுப் பானையில் இருக்கிறது.

பால் கொடுப்பவளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1.5 மி.கி. பி-1 வேண்டும். தீட்டிய வெள்ளை அரிசி 100 கிராமில் 0.1 மி.கி.கூட இல்லை. 400 கிராம் அரிசிச் சோறு தின்றாலும் 0.4 மி.கி. தேறாது. அதையும் மூன்று தண்ணீரில் கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டினால் பாதிக்கும் கீழே போய்விடும், பி-1 நீரில் கரைகிற சத்து. மேலே வெற்றிலை பாக்கும் லப்பே என்ற புளிக்கவைத்த தேயிலையும் சேர்ந்தால் அவற்றின் துவர்ப்புச் சத்து மிச்சத்தையும் கட்டிப்போடும். ஙப்பி என்ற புளித்த மீன் விழுதைப் பச்சையாகத் தொட்டுக்கொள்ளாமல் கொதிக்கவைத்துச் சாப்பிடுங்கள், பி-1ஐ உடைக்கும் நொதி சூட்டில் அழியும்.

ஆகவே அரிசியை ஒரே தண்ணீரில் அலசுங்கள். அளவாக நீர் வைத்து வற்றவிடுங்கள், வடித்தால் கஞ்சியைத் தாய்க்கே குடிக்கக் கொடுங்கள். புழுங்கல் அரிசி கிடைத்தால் அதுவே மேல். நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள பி-1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. 1900களின் தொடக்கத்தில் மலாயாவில் பிராடன் என்ற டாக்டர் பார்த்ததும் இதைத்தான்: வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளிகளுக்குப் பெரிபெரி, புழுங்கல் தின்ற தமிழர்களுக்கு இல்லை. அந்தப் புழுங்கலை இன்று நம் வீடுகளிலேயே வாடை என்று ஒதுக்குகிறார்கள்.

தினம் இரண்டு கைப்பிடி பயறு, கொஞ்சம் எள், வேர்க்கடலை, சாப்பிடுகிறவர்களுக்குப் பன்றி இறைச்சி. பயறு சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்பசோடா போடாதீர்கள், பி-1 செத்துப்போகும்.

தாய்ப்பாலைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பாலை நிறுத்தச் சொல்லவில்லை, தாய்க்குச் சாப்பாடு போடச் சொல்கிறேன். பத்தியத்தையும் பழிக்கவில்லை. பூண்டும் கருவாடும் இருக்கட்டும். ஆனால் "பயறு வாயு" என்று 40 நாள் வெறும் சோறும் உப்புமாகப் போடுவதைச் சரியென்று சொல்லவே முடியாது. இந்த மண்ணில் விளைந்த உளுந்தும் துவரையும் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குப் போகின்றன, விளைந்த ஊரில் பிள்ளை பெற்றவளின் தட்டில் ஒரு கரண்டி பருப்பு இல்லை. இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

சத்து மாத்திரைத் திட்டம் இல்லாமல் இல்லை. 9ஆம் மாதத்திலிருந்து பிரசவமாகி 3 மாதம் வரை தினம் 10 மி.கி. பி-1 மாத்திரை. ஊர் சயாமாவிடம் (மருத்துவச்சி) கேட்டு வாங்கலாம், அவரிடம் தீர்ந்திருந்தால் மருந்துக் கடையில் மலிவாகவே கிடைக்கும். அவரிடம் பி-1 ஊசி மருந்தும் இருக்கிறதா என்று பிரசவத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். ராத்திரி 2 மணிக்குப் பிள்ளை நீலம் பாய்ந்தபிறகு டவுனுக்கு ஓடினால் நேரம் போதாது.

பிள்ளைக்கு ஊசி போட்டுத் தேறியதும் விட்டுவிடாதீர்கள். தாய்க்கும் அன்றே மாத்திரை தொடங்க வேண்டும், அவள் பாலில் பி-1 ஏறாவிட்டால் நோய் திரும்ப வரும்.