கப்பல் நேரம் வேறு, கைபேசி நேரம் வேறு

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு நாலைந்து நாளில் திரும்பும் கப்பல் பயணம் பற்றித்தான் இந்த மாதம் கடிதங்கள் அதிகம். கேட்டவர்களில் பாதிப் பேருக்குக் கடலை நினைத்துப் பயம். அதைவிடக் காகிதங்களையும் கடிகாரத்தையும் நினைத்துப் பயப்படலாம். பயணம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

விளம்பரத்தில் ஒரு விலை, ஏஜென்ட் சொல்வது இன்னொரு விலை. கடைசியில் எவ்வளவுதான் ஆகும்?
*வாசகர், கோயம்புத்தூர்*

விளம்பர விலை என்பது ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால் தலைக்கு எவ்வளவு என்பது. தனியாகப் போனால் பெரும்பாலும் இரண்டு பேர் கட்டணத்தையும் நீங்களே கட்டவேண்டும். அதே அறையில் மூன்றாவது, நாலாவது ஆளாகக் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்குக் குறையும். இதன்மேல் துறைமுக வரி வரும். அடுத்தது சேவைக் கட்டணம். 'டிப்ஸ்தானே, விருப்பம்போல் கொடுக்கலாம்' என்று நினைக்காதீர்கள். ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறும். பெரிய கப்பல்களில் இது 15 முதல் 20 அமெரிக்க டாலர் வரை. 18 டாலர் என்று வைத்தால், நாலு பேர் நாலு இரவுக்கு 288 டாலர். குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

பொதுச் சாப்பாட்டுக் கூடம், பஃபே, தண்ணீர், காபி, டீ, மேடை நிகழ்ச்சிகள், நீச்சல்குளம் எல்லாம் டிக்கெட்டிலேயே அடங்கும். குளிர்பானம், மதுபானம், தனி உணவகங்கள், வைஃபை, கரையில் சுற்றிப் பார்க்கும் டூர் இவையெல்லாம் தனி. கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. அறைச் சாவி அட்டையிலேயே பற்று எழுதிக்கொண்டே போவார்கள். அந்தக் கணக்கோடு டெபிட் கார்டை இணைக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் ஒரு தொகையை முன்கூட்டியே பிடித்துவைப்பார்கள். அது திரும்பி வர நாள் கணக்காகும், அதுவரை உங்கள் பணத்தை நீங்களே எடுக்க முடியாது. கிரெடிட் கார்டு கொடுங்கள், அல்லது முதல் நாளே வரவேற்பு மேசையில் ரொக்கமாக முன்பணம் கட்டுங்கள்.

ஏஜென்ட் டி.சி.எஸ். என்று ஒன்று (கட்டணத்தோடு முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடித்தால் பதறவேண்டாம். அது உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்படும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம்.

சிங்கப்பூர் விசா கையில் இருக்கிறது. போதும்தானே?
*வாசகி, மதுரை*

எத்தனை முறை நுழையலாம் என்று அதில் போட்டிருப்பதைப் பாருங்கள். விமானத்தில் இறங்குவது ஒரு நுழைவு, கப்பலில் திரும்பி வருவது இன்னொரு நுழைவு. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா இருந்தால் கப்பல் ஏறவே விடமாட்டார்கள். கடவுச்சீட்டு பயணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

சிங்கப்பூருக்கு வந்துசேருமுன், வந்துசேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், 'எஸ்ஜி அரைவல் கார்டு' என்ற வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்பவேண்டும். வேறு நாட்டுத் துறைமுகத்துக்குப் போய்த் திரும்புவதால் கப்பலில் வரும்போது மறுபடி ஒன்று நிரப்பவேண்டும். அரசுத் தளத்தில் இது இலவசம். பணம் கேட்கிறார்கள் என்றால் நீங்கள் வேறு ஏதோ தளத்தில் இருக்கிறீர்கள்.

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாள்வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. இது காலக்கெடு வைத்து நீட்டிக்கப்படும் சலுகை. தாய்லாந்து விதியும் அவ்வப்போது மாறும். ஆகவே டிக்கெட் போடும்போது ஒருமுறை, கிளம்பும் மாதத்தில் ஒருமுறை பாருங்கள். 'நாங்கள் புக்கெட்டில் இறங்கப்போவதில்லை, அறையிலேயே இருப்போம்' என்ற வாதம் எடுபடாது. கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் உரிய அனுமதி உங்களிடம் இருக்கவேண்டும்.

கப்பல் கிளம்பும் நாள் காலையில் சிங்கப்பூரில் இறங்கும்படி விமானம் போடாதீர்கள், முந்தின நாளே போய்விடுங்கள். டிக்கெட்டில் துறைமுகத்தின் பெயரையும் படியுங்கள். மரினா பே ஓர் இடம், ஹார்பர்ஃபிரன்ட் வேறோர் இடம்.

மாமியாருக்கு பஸ்ஸில் போனாலே வாந்தி. எந்த அறை எடுக்கலாம்?
*வாசகி, சேலம்*

நீளவாக்கில் நடுவில், கீழ்த்தளங்களில் ஒன்றில் எடுங்கள். சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள்: முனைகள் ஏறி இறங்கும், நடு அதிகம் அசையாது. உயரம் கூடக்கூடப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். மேல்தளப் பால்கனி அறையில் காசும் அதிகம், ஆட்டமும் அதிகம். கீழே முன்பகுதியையும் தவிருங்கள். அதிகாலையில் துறைமுகத்தில் கட்டும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் விசிறிகள் அங்கேதான் ஓடும். கட்டில் அதிர்ந்து எழுப்பிவிடும்.

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது, கண்ணோ அறைச் சுவரைப் பார்த்து 'அசையவில்லை' என்கிறது. குமட்டல் இந்த முரண்பாட்டால் வருவது. அதனால் ஜன்னல் உள்ள அறை நல்லது. குமட்டினால் திறந்த தளத்துக்குப் போய் அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் போன் பார்ப்பது கெடுதல். வெறும் வயிறும் ஆகாது, முட்டச் சாப்பிட்டதும் ஆகாது. அவோமின் போன்ற மாத்திரை வாந்தி வந்தபின் போட்டால் வயிற்றில் தங்காது. ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போடவேண்டும். தூக்கம் தள்ளும். கண் அழுத்த நோயோ, சிறுநீர் பிரிவதில் சிரமமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

மலாக்கா நீரிணையைச் சுமத்ரா தீவு மறைப்பதால் அங்கே கடல் பெரும்பாலும் அமைதி. அதைத் தாண்டிப் புக்கெட் பக்கம் போனால் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அலையை எழுப்பும். உங்கள் மாமியாரை அழைத்துப்போக டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம்.

ரைஸ் குக்கர், மின் கெட்டில் கொண்டுபோகலாமா? நாங்கள் சுத்த சைவம்.
*வாசகி, கும்பகோணம்*

கூடாது. சூடாகும் எதற்கும் அனுமதி இல்லை: குக்கர், கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி. நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது, அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு. ஸ்கேனரில் பிடித்து வைத்துக்கொண்டு, இறங்கும் நாளில்தான் தருவார்கள். பல பிளக் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியும் பெரும்பாலும் இப்படித்தான் போகும். நம் ஊர் மூன்று முள் பிளக் அறைச் சுவரில் நுழையாது, அடாப்டர் வேண்டும்.

வீட்டில் சமைத்த புளியோதரையை உள்ளே விடமாட்டார்கள். கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத முறுக்கு, பருப்புப்பொடி பாக்கெட்டுக்குப் பொதுவாகத் தடை இல்லை. ஆனால் பிரித்த பாக்கெட்டைக் கரைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

சைவம், ஜைன உணவு, வெங்காயம் பூண்டு இல்லாதது என எது வேண்டுமோ, டிக்கெட் போடும்போதே எழுதிக் கொடுங்கள். ஏறிய அன்று இரவு உணவுக்கூடத் தலைமைப் பணியாளரிடம் மறுபடி சொல்லுங்கள். மறுநாள் இரவுக்கு என்ன வேண்டும் என்று அவரே கேட்டுச் செய்துதருவார். பஃபேயில் சூப்பும் சாஸும் பார்வைக்குச் சைவமாக இருந்தாலும் கேட்காமல் எடுக்காதீர்கள். மீன் சாறு தாய், மலாய்ச் சமையலில் சகஜம்.

கை கழுவ சோப்பும் தண்ணீருமே வேண்டும். கப்பலில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரஸை வாசலில் பீய்ச்சும் சானிடைசர் அவ்வளவாக ஒன்றும் செய்யாது.

புக்கெட்டில் நாங்களே டாக்ஸி பிடித்துச் சுற்றலாம் என்றிருக்கிறோம். கப்பல் நமக்காகக் காத்திருக்குமா?
*வாசகர், திருநெல்வேலி*

காத்திருக்காது. கப்பல் நிறுவனமே நடத்தும் டூரில் போய்த் தாமதமானால் கப்பல் நிற்கும், அல்லது அவர்கள் செலவில் கொண்டுசேர்ப்பார்கள். நீங்களாகப் போனால் பொறுப்பு உங்களுடையது.

பலர் சறுக்கும் இடம் இது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி பின்னால். சில கப்பல்கள் கடிகாரத்தை மாற்றும், சில சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும். கரையில் தாய்லாந்து சிக்னல் கிடைத்ததும் உங்கள் போன் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும். 'மாலை 5 மணிக்குள் ஏறவேண்டும்' என்பது கப்பல் நேரமாக இருந்தால், புக்கெட்டில் அது 4 மணி. போனில் 4.15 பார்த்து இன்னும் முக்கால் மணி இருக்கிறதே என்று இளநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். ஏறும் நேரம் கால் மணி முன்பே முடிந்திருக்கும். இறங்கும்போது வாசலில் எழுதியிருக்கும் நேரத்தைப் படம் எடுங்கள், கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பத்தோங் கடற்கரைப் பக்கம் பெரிய கப்பல் கரையைத் தொடாது. நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆள் இறக்குவார்கள். அதை டெண்டர் என்பார்கள். காலையில் எண் சீட்டு வாங்கி முறைப்படி இறங்கவேண்டும். மாலையில் கப்பல் கிளம்பும் நேரத்தை அல்ல, கடைசி டெண்டர் நேரத்தைத்தான் பிடிக்கவேண்டும். அலை பலமாக இருந்தால் டெண்டரையே நிறுத்திவிடுவார்கள், அன்று யாரும் இறங்கமுடியாது. சக்கர நாற்காலிக்காரர்களுக்கு இது சிரமமான இடம். புக்கெட் பழைய நகரத்திலிருந்து பத்தோங்குக்கு மலைப்பாதை, மாலையில் நெரிசல். கடைசிப் படகுக்கு இரண்டு மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள்.

பினாங்கில் இந்தத் தொல்லை இல்லை. மலேசியாவும் சிங்கப்பூரும் ஒரே நேரம். கப்பல் ஜார்ஜ் டவுனிலேயே, ஸ்வெட்டன்ஹாம் படித்துறையில் கட்டும். அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கும், குயின் தெருவில் 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலுக்கும் நடந்தே போகலாம். டாக்ஸிக்காரர் 'ரொம்ப தூரம்' என்பார்.

ஏறியதும் ஏதோ பாதுகாப்புப் பயிற்சி என்கிறார்கள். தப்பிக்கலாமா?
*வாசகர், ஈரோடு*

முடியாது. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா என்ற பயணக் கப்பல் கவிழ்ந்தபோது, அன்று ஏறிய பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. இப்போது கப்பல் கிளம்புமுன் அல்லது கிளம்பியவுடனே நடத்தியாகவேண்டும். நீங்கள் போகாவிட்டால் அறைக்கு ஆள் அனுப்புவார்கள். ஏழு குறுகிய ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல் கேட்டால் எந்த இடத்தில் கூடவேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அது சாவி அட்டையிலும் அறைக் கதவின் பின்னும் இருக்கும்.

சர்வதேச ரோமிங் பேக் போட்டால் கப்பலில் போன் வேலை செய்யுமா?
*வாசகி, தூத்துக்குடி*

நாட்டுக்கான பேக் கரையில்தான் செல்லும். நடுக்கடலில் போன் பிடிப்பது கப்பலின் செயற்கைக்கோள் சிக்னலை. அதற்கு நிமிடக் கணக்கில் தனி விலை. கிளம்பும்போதே விமான முறையில் போட்டு, வைஃபையை மட்டும் திறந்துகொள்ளுங்கள். கப்பலின் செயலி அதில் இலவசமாக ஓடும்.

பெட்டிகளை எப்படிக் கட்டுவது?
*வாசகர், நாகர்கோவில்*

துறைமுகத்தில் கொடுக்கும் பெரிய பெட்டி அறைக்கு வர மாலையாகலாம். மருந்து, கடவுச்சீட்டு, குழந்தைகளின் நீச்சல் உடை, ஒரு மாற்றுத்துணி கைப்பையில் இருக்கட்டும். கடைசி இரவு, அடையாளச் சீட்டு கட்டிய பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள், நள்ளிரவுக்குள் எடுத்துப்போவார்கள். காலையில் கரையில்தான் மறுபடி பார்க்கலாம். மறுநாள் உடுத்தவேண்டியதையும் செருப்பையும் வெளியே எடுத்து வைத்தபிறகு பூட்டுங்கள். இல்லாவிட்டால் நைட்டியோடுதான் சிங்கப்பூர் குடியேற்ற வரிசையில் நிற்கவேண்டியிருக்கும்.