புயல் வெள்ளம் போனதுக்கு அப்புறம் ஊருக்குள்ள இருக்கற உப்பங்கழியை "மீட்டெடுக்கறது"ன்னா என்ன?

உப்பங்கழின்னா (கிரீக்) கடல்தண்ணியும் ஆத்துத்தண்ணியும் கலக்கற இடம். அதை மீட்டெடுக்கறதுன்னா, ரொம்ப சிம்பிளா சொன்னா, தண்ணி வந்துபோற வழியை திறந்துவிட்டு, அரிச்சுப்போன கரையை செடி வேரால திரும்ப கட்டறது. சென்னை அடையாறு கிரீக்கையே எடுத்துக்கோங்க, 2015 டிசம்பர் வெள்ளம் வடிஞ்சதும் அந்த ஆத்தங்கரை மரக்கிளைல எல்லாம் பிளாஸ்டிக் கவரும் கிழிஞ்ச துணியும் தலைக்கு மேல தொங்குச்சு, தண்ணி எவ்ளோ உயரம் வந்துச்சுன்னு அதுவே காட்டுச்சு. குப்பையை அள்ளறது முதல் வேலைதான், அதோட முடியாது.

ஆறு கடல்ல சேர்ற முகத்துவாரத்துல கடல் அலை மணலை கொண்டாந்து கொட்டிக்கிட்டே இருக்கும், அது அடைச்சா கடல்தண்ணி உள்ள வராது, உள்ள இருக்கற சாக்கடைத்தண்ணி தேங்கி மீனும் நண்டும் செத்துரும், அதனால மணலை வெட்டி எடுக்கணும். அப்புறம் உப்புத்தண்ணி சேத்துலயும் வளர்ற அலையாத்தி செடி (மாங்குரோவ்) நடறது. அதோட மூச்சு வேர் சேத்துல பென்சில் நட்டு வச்ச மாதிரி நிக்கும், தண்ணி வேகத்தை குறைச்சு மண்ணை புடிச்சுக்கும். வெறும் மண் இருக்கற தொட்டில தண்ணி ஊத்திப் பாருங்க, மண் கரைஞ்சு ஓடும். செடி நல்லா வேர் புடிச்ச தொட்டில அப்படி ஓடாது. அதேதான் இங்கயும்.

பலபேர் ரெண்டு பக்கமும் கான்க்ரீட் சுவர் வச்சா போதும்னு நினைக்கிறாங்க, அப்படி பண்ணா தண்ணி இன்னும் வேகமா கீழ இருக்கற வீடுங்க பக்கம்தான் பாயும்.