பம்ப்கின் பையில் சர்க்கரையைக் குறைக்காதீர்கள்

கேள்வி: அமெரிக்க நண்பர் வீட்டுத் தேங்க்ஸ்கிவிங் (நன்றி நவிலும் பண்டிகை) விருந்துக்கு முதல்முறையாகச் செல்கிறோம். சர்க்கரையும் வெண்ணெயும் குறைத்துச் செய்யக்கூடிய இனிப்பு எது?

‘குறைத்து’ என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். நீங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருக்கும். வெறுங்கையோடு போகக் கூடாது என்றும், நம் வீட்டுக் குழந்தைகளுக்குத் திகட்டாமல் இருக்க வேண்டும் என்றும் நினைக்கிறீர்கள். 2011ஆம் ஆண்டு நவம்பரில் நானும் இதே நிலையில்தான் இருந்தேன்.

அப்போது ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் இருந்த எழுபது வயதைக் கடந்த அம்மையார் எங்களை விருந்துக்கு அழைத்தார். நான் பம்ப்கின் பை, அதாவது மாவு ஓட்டில் பரங்கிக்காய்ப் பூரணம் நிரப்பிச் சுடும் இனிப்பு, செய்து வருவதாக வாக்குக் கொடுத்தேன். செய்முறையில் முக்கால் கப் சர்க்கரை என்று இருந்ததைக் கால் கப்பாக்கினேன். 12 அவுன்ஸ் எவாப்பரேட்டட் மில்க் (நீர் நீக்கிய கெட்டிப் பால்) என்று இருந்த இடத்தில், வீட்டில் இருந்த கொழுப்பு நீக்கிய பாலை ஊற்றினேன். சொல்லப்பட்ட நேரம் முடிந்து ஓவனைத் திறந்தபோது பையின் நடுப்பகுதி ததும்பிக்கொண்டிருந்தது. இட்லி வெந்ததா என்று பார்ப்பதுபோல் குத்திப் பார்த்தேன், கத்தியில் ஒட்டியது. வேகவில்லை என்று முடிவு செய்து மேலும் 25 நிமிடம் விட்டேன். பிறகு சூட்டோடு அலுமினியத் தாளால் மூடி எடுத்துச் சென்றேன்.

விருந்து மேசையில் தாளைப் பிரித்தபோது பையின் குறுக்கே விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடியிருந்தது. ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் நீர் தேங்கி நின்றது. அடியில் இருந்த மாவு ஓடான கிரஸ்ட் ஊறிப்போய்க் கரண்டியோடு வர மறுத்தது. அந்த அம்மையார் எதுவும் சொல்லாமல் முதல் துண்டைத் தமக்கு எடுத்துக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு, விருந்துக்கு முந்திய நாள் அவரே என்னைத் தம் சமையலறைக்கு அழைத்தார். அங்கேதான் என் தவறு விளங்கியது. பம்ப்கின் பை என்பது கேக் வகை அன்று. முட்டையால் உறையும் பால் பண்டம். சீம்பாலை அளவுக்கு மீறி வேகவைத்தால் திரிந்து நீர் விடுகிறதே, அதுதான் இங்கும் நடக்கிறது. சர்க்கரை வெறும் இனிப்புக்காகப் போடப்படுவதில்லை. முட்டை இறுகுவதை அது தாமதப்படுத்துகிறது. அதனால் பூரணம் மிருதுவாக உறைகிறது. எவாப்பரேட்டட் மில்க் என்பது ஏறத்தாழ 60 விழுக்காடு நீர் நீக்கப்பட்ட பால். ஏற்கெனவே நீர்ச்சத்து மிகுந்த பரங்கி விழுதில் சாதாரணப் பாலை ஊற்றினால் அந்த நீர் எங்கே போகும்?

இன்னோர் எச்சரிக்கை. கடை அடுக்கில் எவாப்பரேட்டட் மில்க்கும் கண்டென்ஸ்டு மில்க்கும் அருகருகே இருக்கும்; பின்னது நாம் பாயசத்தில் ஊற்றுகிற இனிப்புப் பால். அதேபோல் வெறும் பரங்கி விழுது அடங்கிய டப்பாவும், சர்க்கரையும் மசாலாவும் கலந்த ‘பம்ப்கின் பை மிக்ஸ்’ டப்பாவும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். எழுத்தைப் படித்து எடுங்கள். நீங்கள் சைவம் என்றால் ஆயத்தக் கிரஸ்ட்டின் உறையையும் படியுங்கள். சிலவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்கள். நான் ஒருமுறை அப்படி வாங்கி வந்து, என் மாமியார் சாப்பிட்ட பிறகுதான் உறையைப் படித்தேன். அந்த வருத்தம் இன்னும் எனக்கு ஆறவில்லை. உறையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அதை அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

கிரஸ்ட்டை வீட்டிலேயே செய்யலாம். ஒன்றேகால் கப் மைதாவுக்கு ஒரு ஸ்டிக் வெண்ணெய், அதாவது 113 கிராம், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு வேண்டும். முறுக்கு மாவுக்குத் தேய்ப்பதுபோல் கரையத் தேய்க்காதீர்கள். பட்டாணி அளவுத் துண்டுகள் மாவில் தெரிய வேண்டும். ஓவனில் அந்தத் துண்டுகளிலுள்ள நீர் ஆவியாகித்தான் அடுக்குகளைப் பிரிக்கிறது. ஐஸ் தண்ணீர் மூன்று நான்கு மேசைக்கரண்டி தெளித்துச் சேர்த்து, ஒரு மணி நேரம் குளிரவைத்து, 9 அங்குலத் தட்டில் பரப்புங்கள். அதன்மேல் தாள் விரித்துப் பச்சரிசியை நிரப்பி, 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 20 நிமிடம் வேகவிடுங்கள். பிறகு அரிசியைத் தாளோடு எடுத்துவிட்டு இன்னும் சில நிமிடம் விட்டால் அடிப்பகுதி ஊறாது.

பூரணத்துக்கு முக்கால் கப் சர்க்கரை, இரண்டு முட்டை, 15 அவுன்ஸ் பரங்கி விழுது, 12 அவுன்ஸ் எவாப்பரேட்டட் மில்க், அரைத் தேக்கரண்டி உப்பு, பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி, சுக்குத்தூள் அரைத் தேக்கரண்டி, கிராம்புத்தூள் கால் தேக்கரண்டி. 350 டிகிரியில் ஏறத்தாழ 50 நிமிடம். ஓரம் உறைந்து, நடுவில் உள்ளங்கை அளவுக்கு மட்டும் தட்டை அசைக்கும்போது ஆடினால் அடுப்பை அணைத்துவிடுங்கள். மிச்சத்தை உள்ளிருக்கும் சூடு பார்த்துக்கொள்ளும். நான் அன்று பொறுக்காமல் போனது இந்த இடத்தில்தான்.

முட்டை சாப்பிடாதவர்கள் என்ன செய்வது என்று யாராவது கேட்பீர்கள். அது தனிக் கேள்வி, இந்த அளவுகள் அதற்குப் பொருந்தா. நீரிழிவு உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கணவருக்கும் சர்க்கரை உண்டு. பையை எட்டாகப் போடாமல் பன்னிரண்டு துண்டாகப் போட்டு, அவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார். ஆண்டுக்கு ஒரு நாள் உண்ணும் பண்டத்தில் அளவைக் குறைக்கலாம், பண்டத்தையே குலைக்க வேண்டாம் என்பதே என் கட்சி. ‘அவர்கள் பண்டிகைக்கு நாம் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?’ என்று என் உறவிலேயே கேட்டவர்கள் உண்டு. நம் பொங்கலுக்கு யாராவது நெய்யில்லாமல் சர்க்கரைப் பொங்கல் செய்து எடுத்துவந்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று அவர்களைத் திருப்பிக் கேட்டேன்.

நேரத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 1941ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்பண்டிகை நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை வருகிறது. ஆகவே புதன் பிற்பகலிலேயே பையைச் சுட்டுவிடுங்கள். கம்பித் தட்டில் வைத்து இரண்டு மணி நேரம் திறந்தபடி ஆறவிட்டு, அதன்பின் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். முட்டையும் பாலும் சேர்ந்தது என்பதால் இரவெல்லாம் வெளியே வைக்கக் கூடாது; சூடாக மூடினால் மூடியில் வியர்த்த நீர் மேலே சொட்டும். வியாழனன்று கிளம்பும்போது எடுத்துக்கொண்டு, கொழுப்பு மிகுந்த பாலேடான ஹெவி க்ரீமைத் தனியாக ஒரு டப்பாவில் கொண்டுபோய், பரிமாறும் நேரத்தில் அவர்கள் வீட்டிலேயே நுரைக்க அடித்து மேலே வையுங்கள்.