ஓநாய் மேலாண்மையில் வெறுத்துப்போன வேட்டைக்காரர்கள் சட்டத்தை மீறி ஓநாய்களைக் கொல்வதில் நியாயம் இருக்கிறதா?

கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. அரசும் நீதிமன்றங்களும் தங்கள் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை என்று நம்பும் ஐரோப்பிய வேட்டைக்காரர்கள், திருட்டுத்தனமாக ஓநாய்களைக் கொல்வதை எந்த வகையிலாவது நியாயப்படுத்த முடியுமா என்பது ஒன்று. அப்படி ஒருவர் செய்தது தெரியவந்தால், உடன் வேட்டைக்குச் செல்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. நான் பல ஆண்டுகளாக மத்திய சுவீடனில், ஓநாய்கள் நிலைகொண்டிருக்கும் ஒரு மாவட்டத்தில் வசிக்கிறேன். இலையுதிர் காலத்தில் மூஸ் மான் வேட்டைக் குழு ஒன்றுடன் காட்டுக்குள் செல்வதும் உண்டு. ஆகவே எனக்குத் தெரிந்த சுவீடனை வைத்தே பதில் சொல்கிறேன். அந்தக் கோபத்துக்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்றுகூடத் திருட்டுக் கொலையை நியாயப்படுத்தவில்லை என்பதே என் கருத்து.

முதலில் கோபத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். சுவீடனில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வேட்டையாடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தச்சர், செவிலியர், ஆசிரியர், ஆலைத் தொழிலாளி என்று சாதாரண வேலை பார்ப்பவர்கள். அக்டோபரில் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஊர்க்காரர்கள் சேர்ந்து குத்தகைக்கு எடுத்த காட்டில் மூஸ் மானைத் தேடுவார்கள். கிடைத்த இறைச்சியைப் பங்கிட்டு, ஆண்டு முழுவதும் உறைபெட்டியில் வைத்துச் சமைப்பார்கள். 1980களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் ஓராண்டில் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மூஸ் மான்கள் சுடப்பட்டன. இன்று அந்த எண்ணிக்கை அதில் பாதிகூட இல்லை. இந்தச் சரிவுக்கு ஓநாய் மட்டுமே காரணம் என்று சொல்வது பொய். ஆனால் ஒரு ஓநாய்க் குடும்பம் தன் எல்லைக்குள் ஆண்டுக்கு நூறு மூஸ் மான்களுக்கு மேல் கொல்கிறது, அவற்றில் பெரும்பாலானவை கன்றுகள். அந்த எல்லைக்குள் காடு வைத்திருக்கும் குழுவுக்கு அந்த நூறும் தன் பங்கிலிருந்து போனதாகவே தெரியும்.

இறைச்சியைவிட ஆழமாகக் காயப்படுத்துவது நாயின் சாவு. இங்கே மூஸ் வேட்டைக்குப் பயன்படும் யெம்த்லாந்து நாய் எசமானை விட்டு வெகுதூரம் தனியே ஓடி, மானைக் கண்டுபிடித்து, அதை நகரவிடாமல் நிறுத்திவைத்துக் குரைத்துக்கொண்டே இருக்கும். வேட்டைக்காரர் அந்தக் குரைப்பைக் கேட்டுத்தான் மெல்ல நெருங்குவார். அதே குரைப்பைக் கேட்டு ஓநாயும் வரும். நாயின் கழுத்துப் பட்டையில் ஜிபிஎஸ் கருவி இருப்பதால் அதன் ஓட்டம் கைபேசித் திரையில் வளைந்து நெளிந்த கோடாகத் தெரியும். நிமிடத்துக்கு எத்தனை முறை குரைக்கிறது என்ற எண்ணும் அருகிலேயே வரும். எங்கள் குழுவில் ஒருவர் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எண் சட்டென்று சுழியமானது. கோடு ஒரு சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நின்றுவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாயின் பின்பகுதி தின்னப்பட்டிருந்தது. பட்டையில் பச்சை விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. குட்டியாக வாங்கி, ஆண்டுக்கணக்கில் பழக்கி, வீட்டுக்குள் பிள்ளைபோல் வளர்த்த உயிர் அது. இழப்பீடு உண்டு, படிவமும் உண்டு. அந்த மனிதரிடம் அன்று மாலை இழப்பீட்டைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வரவில்லை. நகரத்தில் இருந்துகொண்டு இவர்களை இரத்தவெறி பிடித்தவர்கள் என்று ஏசுபவர்கள் ஒருமுறையாவது அந்தச் சதுப்பு நிலத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இதற்கு மேல் கொள்கைக் குழப்பம். 2009இல் நாடாளுமன்றம் ஓநாய்களின் எண்ணிக்கை 210ஐத் தாண்டக் கூடாது என்று முடிவெடுத்தது. 2010இல் 27 ஓநாய்களுக்கு உரிம வேட்டை, அதாவது அரசு அனுமதியோடு குறிப்பிட்ட எண்ணிக்கைவரை சுடும் வேட்டை, அனுமதிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் அதில் பங்கேற்றார்கள். அடுத்த ஆண்டே ஐரோப்பிய ஆணையம் சுவீடன் மீது விதிமீறல் நடவடிக்கையைத் தொடங்கியது. 2013, 2014 ஆண்டுகளில் திட்டமிட்ட வேட்டைகளை நீதிமன்றங்கள் தடுத்தன; 2015இல் வேட்டை மீண்டும் நடந்தது; அது சட்டப்படி சரியே என்று உச்ச நிர்வாக நீதிமன்றம் 2016இன் இறுதியில் தீர்ப்பளித்தது. 2023இல் 75 ஓநாய்கள்வரை சுட அனுமதி தரப்பட்டது. 2021-22 குளிர்காலத்தில் சுமார் 460 ஆக இருந்த எண்ணிக்கை 2024-25இல் சுமார் 355 ஆகக் குறைந்திருக்கிறது. 170வரை குறைக்கலாம் என்பது இப்போதைய அரசின் நிலைப்பாடு. ஐரோப்பிய ஒன்றியமும் 2025இல் ஓநாயைக் கண்டிப்பான பாதுகாப்புப் பட்டியலிலிருந்து ஒரு படி கீழே இறக்கிவிட்டது. இன்று ஆமென்றும் நாளை இல்லையென்றும் சொல்லும் ஓர் அமைப்பை நம்பச் சொன்னால் யாருக்கும் கசப்பு வரத்தான் செய்யும்.

இந்தக் கசப்பிலிருந்து பிறந்ததுதான், ஓநாயைச் சுட்டு, புதைத்து, வாயை மூடிக்கொள் என்ற வாய்மொழி விதி. இது வெற்றுப் பேச்சல்ல. கிரிம்சோ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஸ்காண்டிநேவிய அறிவியலாளர்கள் ரேடியோ பட்டை அணிந்த ஓநாய்களைப் பத்தாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து, 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓநாய்ச் சாவுகளில் ஏறத்தாழ பாதி கள்ள வேட்டையால் நிகழ்ந்தவை. அவற்றிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உடலோ தடயமோ கிடைக்காமல் போனவை. அந்தப் பத்தாண்டில் கள்ள வேட்டை நடக்காதிருந்தால் 2009இல் ஓநாய்களின் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்திருக்கும் என்று அவர்கள் கணித்தார்கள். பட்டையின் சமிக்ஞை திடீரென்று நிற்கிறது, கருவி பழுதானதற்கு அறிகுறி எதுவும் இல்லை, அந்த ஓநாயின் எச்சமோ தடமோ அதன் எல்லைக்குள் பிறகு ஒருபோதும் காணப்படவில்லை என்ற நிலையில்தான் அவர்கள் இந்த முடிவுக்கு வருகிறார்கள்.

அரசு தவறு செய்கிறது என்பதாலேயே இது சரியாகிவிடுமா? இங்குள்ள சிலர் இதை எதிர்ப்புப் போராட்டம்போலப் பேசுகிறார்கள். அநியாயமான சட்டத்தை மீறுவது குடிமகனின் உரிமை என்கிறார்கள். அநீதியை எதிர்த்துச் சட்டத்தை மீறுபவர், மீறியது நான்தான் என்று வெளிப்படையாகச் சொல்லி, தண்டனையை ஏற்று, அந்தத் தண்டனையைக் காட்டியே மற்றவர்களின் மனச்சாட்சியைத் தொடுகிறார். இரவில் சுட்டு, பட்டையை அறுத்து ஆற்றில் வீசி, யாரிடமும் சொல்லாதிருப்பவர் எந்த மனச்சாட்சியைத் தொடுகிறார்? அவர் யாருக்கும் எதையும் உணர்த்தவில்லை, மறைத்திருக்கிறார். மேலும், தன் நாயையோ ஆட்டையோ ஓநாய் தாக்கும்போதும் தாக்கப்போகும் தறுவாயிலும், வேறு வழியில்லாத நிலையில் அதைச் சுடுவதற்குச் சுவீடனின் வேட்டை ஒழுங்குமுறையின் 28ஆம் பிரிவு முன்அனுமதி இல்லாமலே இடம் தருகிறது. உடனே தகவல் தர வேண்டும், அவ்வளவுதான். ஆகவே தற்காப்பு என்ற வாதமும் இங்கே நிற்காது.

கள்ள வேட்டைக்காரர்கள் எண்ணிப் பார்க்காத இன்னொன்று உண்டு. என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரம் முழுவதிலும் மிக முக்கியமானது அதுதான். 1966இல் சுவீடன் ஓநாய்க்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தபோது, பாதுகாப்பதற்கு ஏறக்குறைய ஓநாயே மிஞ்சியிருக்கவில்லை. 1983இல் வார்ம்லாந்தில் கிழக்கிலிருந்து வந்த ஒரே ஓர் இணை குட்டி ஈன்றது. அடுத்த எட்டு ஆண்டுகள் அந்த ஒரு குடும்பத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததால் எண்ணிக்கை பத்தைக்கூடத் தாண்டவில்லை. 1991இல் பின்லாந்து–ரஷ்யப் பக்கத்திலிருந்து வந்த ஒற்றை ஆண் ஓநாய் இணை சேர்ந்த பிறகுதான் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. 2008இல் மேலும் இரண்டு ஆண்கள் குட்டிகளுக்குத் தந்தையாகும்வரை ஸ்காண்டிநேவியாவின் ஓநாய்கள் அனைத்தும் அந்த மூன்று விலங்குகளின் வாரிசுகளாகவே இருந்தன. உடன்பிறந்த இரண்டு ஓநாய்கள் சேர்ந்து ஈன்ற குட்டிகளுக்கு இருக்கும் அளவுக்கு அவற்றின் இரத்தம் நெருங்கிப்போயிருந்தது. இப்படிப்பட்ட கூட்டத்தில், கிழக்கிலிருந்து நடந்து வரும் ஓர் ஓநாயின் மதிப்பு இங்கே பிறந்த நூறு ஓநாய்களின் மதிப்பைவிடப் பெரியது. அதுவும் சாமி (Sámi) என்ற பழங்குடி மக்கள் ரெயின்டீர் மான்களை மேய்க்கும் வடபகுதியைக் கடந்துதான் வர வேண்டும். அங்கே மேய்ச்சலைக் காக்கச் சட்டப்படியே பல ஓநாய்கள் சுடப்படுகின்றன. 2013இல் அப்படி வந்த ஓர் இணையை மயக்கமருந்து கொடுத்துப் பிடித்து, தெற்கே திவேதன் காட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரே ஓர் இணைக்காக அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது.

இருட்டில் துப்பாக்கியை நீட்டுபவருக்குத் தன் குறிக்கு நேரே நிற்பது எந்த ஓநாய் என்று தெரியாது. உரிம வேட்டையில் மாவட்ட நிர்வாகம் மரபணு விவரம் பார்த்து, எந்தக் குடும்பத்தைச் சுடலாம், எதைத் தொடக் கூடாது என்று எல்லை வகுக்கிறது. கள்ளக் குண்டுக்கு அந்த வேறுபாடு கிடையாது. மதிப்புமிக்க ஓர் ஓநாய் அதில் செத்தால், மரபணு நிலை இன்னும் தேறவில்லை என்ற வாதம் நீதிமன்றத்தில் மேலும் சில ஆண்டுகள் செல்லுபடியாகும். உரிம வேட்டைக்கு எதிரான வழக்குகளில் மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்ட வாதம் அதுதான். கணக்கும் கெடுகிறது. பனியில் தடம் பார்த்தும் எச்சத்திலிருந்து மரபணு எடுத்தும் ஓநாய்களை எண்ணுபவர்கள், மறைவாகச் செத்தவற்றை மதிப்பிட்டுக் கழித்த பிறகே எத்தனை சுடலாம் என்று சொல்ல முடியும். திருட்டுத்தனமாகச் சுடப்படும் ஒவ்வொன்றும் சட்டப்படி சுடுவதற்குக் காத்திருக்கும் பக்கத்து ஊர்க்காரரின் பங்கிலிருந்தே போகிறது.

வேட்டை அறம் என்று ஒன்று இருக்கிறது, அதை இங்குள்ளவர்கள் உயிராக மதிக்கிறார்கள். துப்பாக்கி எடுக்கத் தேர்வு எழுத வேண்டும். காயம்பட்ட மானை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. தடம் பிடிக்கும் நாய் அதிகபட்சம் இரண்டு மணி நேரத்துக்குள் அந்த இடத்துக்கு வந்துசேர ஏற்பாடு இருக்க வேண்டும். எங்கள் குழுத் தலைவர் மழையில் நனைந்தபடி நள்ளிரவுவரை ஒரு கன்றைத் தேடியதை நான் உடன் இருந்து பார்த்திருக்கிறேன். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. கள்ளத்தனமாகச் சுடப்பட்டுக் காயத்தோடு தப்பும் ஓநாயைத் தேடிப்போகச் சுட்டவரால் முடியாது, ஏனென்றால் தேடினால் மாட்டிக்கொள்வார். சட்டப்படி சுடப்பட்ட ஓநாய்களைப் பரிசோதித்தபோது சிலவற்றின் உடலில் பழைய ஈயக் குண்டுகள் இருந்தது இப்படித்தான்.

உரிம வேட்டையை அனுமதித்தால் கள்ள வேட்டை தானே குறையும் என்ற வாதத்தைப் பலரும் முன்வைக்கிறார்கள். இதில் அறிவியல் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களின் தரவுகளை வைத்து 2016இல் வெளியான ஆய்வு, அரசே கொல்ல அனுமதித்தபோது ஓநாய்களின் பெருக்கம் மேலும் மந்தமானது என்றும், கள்ள வேட்டை அதிகரித்ததே அதற்குக் காரணம் என்றும் வாதிட்டது. சுவீடனில் 2020இல் வெளியான ஆய்வு, சட்டப்படியான வேட்டை கூடிய ஆண்டுகளில் ஓநாய்கள் மர்மமாக மறைவது குறைந்ததாகக் கண்டது. எனக்கு இரண்டாவது ஆய்வே இந்த மண்ணுக்குப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. ஆனாலும் பின்லாந்து இதே வாதத்தை வைத்து அனுமதித்த வேட்டையைப் பற்றி ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் அளித்த தீர்ப்பை மறக்கக் கூடாது. கள்ள வேட்டை குறையும் என்பதைக் கறாரான அறிவியல் சான்றோடு காட்ட வேண்டும், கள்ள வேட்டையைத் தடுக்கும் முதல் கடமை கண்காணிப்பின் மூலம் அரசுக்கே உரியது என்று அது சொன்னது. குற்றம் நடக்கிறது என்ற அச்சமே சலுகைக்குக் காரணமாகிவிட்டால், சட்டத்தை மதித்துப் பொறுமையாகக் காத்திருந்த வேட்டைக்காரர்தான் அங்கே ஏமாளியாகிறார். உரிம வேட்டையை நான் ஆதரிப்பது, அந்தப் பொறுமைசாலியின் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும் என்பதற்காக.

இனி இரண்டாவது பகுதி. தெரிந்தால் சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டும். இது எளிதல்ல என்பதை அறிந்தே சொல்கிறேன். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரில், பனி விழும்போது உங்கள் வீட்டுப் பாதையை டிராக்டரால் சுத்தம் செய்து தருபவரே அந்த ஆளாக இருக்கலாம். உங்கள் பிள்ளையும் அவர் பிள்ளையும் ஒரே வகுப்பில் படிக்கலாம். கடுமையான வேட்டைக் குற்றத்துக்கு இங்கே ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை உண்டு, துப்பாக்கி உரிமமும் போகும், ஆகவே நீங்கள் சொல்லும் ஒரு சொல் ஒரு குடும்பத்தையே உலுக்கும். இருந்தாலும் குழுவில் அத்தனை பேருக்கும் தெரிந்து அத்தனை பேரும் மௌனமாக இருந்தால், நாளை அந்தக் குழு மாவட்ட நிர்வாகத்திடம் எதைக் கேட்டாலும் அதன் பேச்சுக்கு என்ன எடை இருக்கும்?

நேரே காவல் துறையிடம் போகத் தயங்கினால், முதலில் வேட்டைக் குழுத் தலைவரிடம் சாட்சி ஒருவரை வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர் தட்டிக்கழித்தால் மாவட்ட நிர்வாகத்தின் இயற்கைக் கண்காணிப்பாளரை அழையுங்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள், எதையும் தொடாதீர்கள், பனி உருகும்முன் சொல்லுங்கள். உடல் கிடைத்துவிட்டால் உப்சாலாவில் உள்ள தேசியக் கால்நடை மருத்துவ நிறுவனத்தில் அதைப் பரிசோதிப்பார்கள். அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, கிழக்கிலிருந்து வந்ததா என்பதுவரை மரபணுச் சோதனை சொல்லிவிடும். அடுத்த குளிர்காலத்துக்கான ஒதுக்கீட்டைக் கணக்கிடுபவர்களுக்கு அந்தத் தகவல் அவசியம் தேவை.