உடம்பெல்லாம் பாலுண்ணி: எப்போது ரத்தத்தைப் பார்ப்பது?

கேள்வி: என் கணவருக்கு 36 வயது, ரப்பர் பால் வெட்டும் வேலை. போன வருடம் விரலில் இரண்டு பாலுண்ணி வந்தது. இப்போது கைகள், தாடை, கழுத்து என்று 60-க்கு மேல். எதிர்ப்புச் சக்தி போய்விட்டது என்று பயமுறுத்துகிறார்கள். பால் உறைய வைக்கிற ஆசிட்டைத் தொட்டு வைத்தால் உதிருமாமே?
- வாசகி, குலசேகரம்

பதில்: ஆசிட்டைத் தொடவே வேண்டாம். அது பார்மிக் ஆசிட். மருத்துவர்களும் அதை மருவுக்கு (பாலுண்ணிக்கு) வைப்பதுண்டு. அளந்து, ஊசி முனையால் குத்தி வைப்பார்கள். வீட்டில் வைத்தால் சுற்றியுள்ள நல்ல தோலும் வெந்து, புண்ணின் ஓரத்திலேயே புதிய மரு வட்டம் கட்டலாம். அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) பக்கம் சிலர் தடவும் முந்திரி ஓட்டு எண்ணெயும் தோலை இப்படித்தான் பொசுக்கும்.

முதலில் தாடையைப் பாருங்கள். மருக்கள் கோடு இழுத்தாற்போல் வரிசையாக இருந்தால் அது பிளேடு போன வழி. மரு வைரஸால் வருவது; அந்த வைரஸைப் பிளேடே விதைத்திருக்கிறது. ஷேவிங்கை நிறுத்திவிட்டு, தோலில் படாமல் கத்தரியால் தாடியைக் குறைக்கட்டும். இந்த வைரஸ் ரத்தத்தில் கலக்காமல் தோலின் மேலடுக்கிலேயே ஒளிந்திருப்பதால் உடம்பு தாமதமாகத்தான் கண்டுகொள்கிறது. ஆரோக்கியமானவர்களுக்கும் கூட்டமாக வருவது அதனால்தான்.

மூன்று மாதம் ஒழுங்காக மருந்து போட்டும் பெருகிக்கொண்டே போகிறதா? கூடவே எடை குறைவது, வாயில் வெள்ளை படிவது, அடிக்கடி நிமோனியா, இளம் வயதிலேயே அக்கி, நெறி கட்டுவது உண்டா? ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாரா? ஒன்று இருந்தாலும் ரத்தம் பார்த்துவிடுங்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. எச்ஐவி பரிசோதனை அரசு நம்பிக்கை மையங்களில் இலவசம். முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள். சர்க்கரையும் பார்க்க வேண்டும். ரத்த அணுக்களின் மொத்த எண்ணிக்கையைப் பார்த்து ‘நார்மல்’ என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். வெள்ளணு 8,000, அதில் லிம்போசைட் என்ற வகை 30 சதவீதம் என்றால் 2,400. பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு 1,000-க்குக் கீழே வந்தாலோ, மோனோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளணு ஒவ்வொரு முறையும் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தாலோ மேற்கொண்டு தேட வேண்டும்.

சொந்தத்தில் கல்யாணம் செய்த பெற்றோரின் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே தேமல் போலத் தட்டையான மருக்கள் பரவினால் அது பரம்பரைக் குறையாக இருக்கலாம். அவர்களுக்கு வெயில் படும் இடத்தில் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். ஆறாத புண்ணை உடனே காட்டுங்கள்.

ரத்தம் சரியாக இருந்தால் கைக்கு மட்டும் சாலிசிலிக் ஆசிட், லாக்டிக் ஆசிட் தலா 16.7 சதவீதம் உள்ள பெயிண்ட் போதும். இரவில் கையை வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊற வைத்து, நகம் தேய்க்கும் அட்டையால் மேல்தோலைத் தேய்த்து (அதை வேறு யாரும் தொடக் கூடாது), சுற்றிலும் வாசலின் தடவி, தீக்குச்சி முனையால் ஒரு சொட்டு. 12 வாரம் விடாமல். மூன்றாம் வாரம் வெள்ளையாக உரிந்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள். உரிந்தது மேல் காய்ப்புதான். கருப்புப் புள்ளிகள் மறைந்து, தோல் ரேகைகள் அந்த இடத்தில் மறுபடி ஓடும்வரை போட வேண்டும். எரிந்தால் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். முகத்தில் இதைப் போடவே கூடாது; தாடை மருவைத் தோல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: சிறுநீரகம் மாற்றிய என் அண்ணனுக்கு உடம்பெல்லாம் மரு. பெரிய மருவில் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) தடுப்பூசி போட்டால் எல்லாம் உதிரும் என்கிறார்களே?
- வாசகர், கருங்கல்

பதில்: மற்றவர்களுக்குப் பலன் தருவதுண்டு, உங்கள் அண்ணனுக்குக் கூடாது. அதில் இருப்பது உயிருள்ள வைரஸ். அவர் சாப்பிடும் எதிர்ப்புச் சக்தி குறைக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் மாற்றிய சிறுநீரகமே போய்விடும். மருந்தை மாற்ற முடியுமா என்று சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள். வருடம் ஒருமுறையாவது தோல் மருத்துவரிடம் முழு உடம்பையும் காட்டட்டும். வேகமாக வளர்கிற, ரத்தம் கசிகிற மரு இருந்தால் அதுவரை காத்திருக்காமல் சதைப் பரிசோதனை செய்ய வேண்டும்.